அப்போய் யாரிடம் கற்றான்?

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பரில் திரைக்கு வந்தது. அதைப் பற்றி பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளிலும் கிள்ளான் கல்யாண வீடுகளிலும் நான் அதிகம் கேட்ட தீர்ப்பு ஒன்றுதான்: "நல்ல பையன்தான், சேர்க்கை சரியில்ல, கெட்டுப் போயிட்டான்." எனக்கு இதில் உடன்பாடில்லை. படம் காட்டுவது இதற்கு நேர் எதிரானது என்றே நினைக்கிறேன்.

கதை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரத்தை நம்பி இருந்தவர்கள் கம்பத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்த காலம். அப்போய்க்கு 12 வயது. அப்பா மணியத்துக்கு மகன் படித்து முன்னேற வேண்டும். உறவில் இன்னும் இரண்டு ஆண்கள்: போதையில் விழுந்து மீளப் பார்க்கும் பாலா, கும்பலில் இருக்கும் மெக்சிகோ. இவர்களோடு பள்ளிக்கூடம், சினிமா. இத்தனை பேரும் சேர்ந்துதான் அந்தப் பையனுக்கு உலகத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

சமூகத்தின் நெறிகள் ஒரு பிள்ளைக்குள் எப்படிப் போகின்றன என்ற கேள்விக்கு எமில் துர்கைம் தந்த பதில் பிரபலமானது. சமூக வாழ்வுக்கு இன்னும் தயாராகாத தலைமுறையின் மேல் மூத்த தலைமுறை செலுத்தும் செல்வாக்குதான் கல்வி என்றார். நம் ஆட்களின் "சேர்க்கை சரியில்ல" என்ற பேச்சும் இதிலிருந்து அதிகம் விலகியதில்லை. நல்ல மதிப்பீடு சரியாக உள்ளே போகவில்லை, அந்த இடத்தில் கெட்டது புகுந்துவிட்டது என்பதுதான் அதன் கணக்கு.

ஆனால் மணியம் மகனிடம் எதிர்பார்ப்பது என்ன? மரியாதை, கையில் காசு, யார் முன்னாலும் கைகட்டி நிற்காத வாழ்க்கை. மெக்சிகோவைப் பார்த்து அப்போய் வாய்பிளப்பதும் இதே மூன்றுக்காகத்தான். இலக்கு ஒன்று, போகும் பாதைதான் வேறு. ராபர்ட் மெர்ட்டன் 1938இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான்: சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கைக் கற்றுத் தருகிறது, அடையும் வழியை மட்டும் எல்லோருக்கும் திறந்து வைப்பதில்லை. அப்போய் பாடத்தைத் தவறாகப் படிக்கவில்லை. மிகச் சரியாகவே படித்திருக்கிறான். அவன் கண்முன்னே அப்பா மாடாக உழைக்கிறார், யாரும் அவரை மதிப்பதில்லை. சித்தப்பன்மார் வயதுள்ள கும்பல்காரன் நடந்து வந்தால் தெருவே ஒதுங்குகிறது. எது பலிக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா?

படத்தின் தலைப்பும் ஒரு வாதம்தான். மலாயில் 'ஜஹாட்' என்றால் கெட்டவன். நம் வாயில் அது 'ஜகாட்' ஆகிவிட்டது. "இவன் பெரிய ஜகாட்" என்று ஆறு வயசுப் பிள்ளையைச் செல்லமாகத் திட்டுவதையும், பிறகு அதே பிள்ளையைச் செல்லமே இல்லாமல் திட்டுவதையும் கிள்ளானில் நிறையக் கேட்டிருக்கிறேன். பிறழ்வு ஒருவனின் செயலில் மட்டும் இல்லை, மற்றவர்கள் ஒட்டும் முத்திரையில் இருக்கிறது என்றார் ஹோவர்ட் பெக்கர், 1963இல். முத்திரை படத்தையும் விடவில்லை. 2016ஆம் ஆண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், வசனத்தில் 70 விழுக்காடு மலாய் இல்லை என்பதால் சிறந்த படத்துக்கான பிரிவிலிருந்து முதலில் ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, பிரிவுகள் மாற்றப்பட்டன, 'ஜகாட்' சிறந்த மலேசியத் திரைப்படமானது.

படத்தோடு எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. நெறிகளைக் கற்பதை அது நுட்பமாகக் காட்டுகிறது. கற்றதை மனிதர்கள் கூட்டாகத் தூக்கி எறிவதும் உண்டு, அது படத்தின் கண்ணில் படவில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில், சைக்கிளில் போகும் தொழிலாளி துரையையோ கிராணியையோ கண்டால் இறங்கி நிற்க வேண்டும். அப்பா இறங்குவதைப் பார்த்த பிள்ளைக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில், சம்பளம், பிள்ளைகளின் படிப்பு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இதுவும் இருந்தது: துரை முன்னால் நாங்கள் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்த மனிதர்களும் பணிவையே பாலோடு குடித்து வளர்ந்தவர்கள். ஆனாலும் ஒருநாள் சேர்ந்து நின்று வேண்டாம் என்றார்கள். சேர்ந்து நிற்க அவர்களுக்கு ஒரு தோட்டம் இருந்தது, சங்கம் இருந்தது. அப்போய்க்கு அந்தக் கூட்டம் இல்லை. அவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே கூட்டம் மெக்சிகோவின் கும்பல். தோட்டம் சிதறியபோது வேலையோடும் வீட்டோடும் இதுவும் போனது. படம் இந்த இழப்பின் அருகில் வருகிறது, பெயர் சொல்லாமல் கடந்துவிடுகிறது.

ஒரு பையன் தடம் மாறினால் இன்றும் நாம் முதலில் தேடுவது நன்னெறி முகாமும் புத்திமதி சொல்ல ஒரு பெரியவரும்தான். மதிப்பீடு போதவில்லை என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. அப்போய்க்குப் புத்தி சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. அவன் பக்கத்தில் நிற்கத்தான் ஆள் இல்லை.