சார்பெழுத்தும் ஒன்பது இலக்கமும்

அமெரிக்க வருமானவரித் துறையின் டபிள்யூ-7 படிவத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் பெறத் தகுதியில்லாதவர்கள், வரிக் கணக்குக்காக 'ஐடின்' என்ற ஒன்பது இலக்க எண்ணைக் கேட்கும் விண்ணப்பம் அது. எண் எதற்கு என்ற கேள்விக்குக் கீழே சில கட்டங்கள். எச்-1பி விசாவில் வேலைக்குப் போன கணவனுடன் எச்-4 விசாவில் போய், அங்கே வசிப்பவராகக் கணக்கில் வரும் பெண் 'இணையர்' என்ற கட்டத்தைக் குறிக்கிறாள். உடனே படிவம் கணவனின் பெயரையும் எண்ணையும் கேட்கிறது. அவளுடைய எண்ணுக்குப் போகும் பாதை அவனுடைய எண்ணின் வழியாகவே போகிறது.

'இணையர்' பால் பகாத சொல்தானே என்று கேட்கலாம். சொல் அப்படித்தான். ஆனால் எச்-1பி பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். எச்-4இல் உடன் போகும் இணையர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களிலும் இந்தியப் பெண்களே மிகுதி. தமிழ்ப் பெண்கள் பலர் கையில் பொறியியல் பட்டத்தோடு இந்தக் கட்டத்துக்குள் போயிருக்கிறார்கள்.

விசாவின் மொழியில் வேலைக்கு வந்தவர் முதன்மையர், உடன் வந்தவர் சார்ந்தவர். முதலெழுத்து, சார்பெழுத்து என்று படித்த நமக்கு இந்தப் பிரிவு புதிதல்ல. குற்றியலுகரத்தை நினைத்துப் பாருங்கள். உகரம் அதேதான், அது நிற்கும் இடம் ஒரு மாத்திரையை அரை மாத்திரையாக்கிவிடுகிறது. சென்னையில் சம்பளம் வாங்கிய பெண், விமானம் இறங்கியதும் சம்பளம் வாங்கக் கூடாதவளாகிறாள். குறைவு அவளிடம் இல்லை, அவளை நிறுத்திய இடத்தில் இருக்கிறது.

இந்த எண்ணின் பிறப்பிலேயே இதற்கான காரணம் இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் சோஷியல் செக்யூரிட்டி சட்டத்தைத் தொடர்ந்து, 1936இல் இந்த எண்கள் வழங்கப்பட்டன. தொழிலாளியின் கூலியைப் பதிவு செய்து முதுமையில் ஓய்வூதியம் தருவதே நோக்கம். ஆனால் வயல் வேலையையும் பிறர் வீட்டில் செய்யும் வீட்டுவேலையையும் அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. வீட்டுவேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கறுப்பினப் பெண்கள் ஏராளம். வீட்டுவேலையாட்களுக்கு ஓரளவு இடம் கிடைத்தது 1950இல்தான். சொந்த வீட்டில் கூலியின்றி உழைப்பவளோ எந்தப் பதிவிலும் உழைப்பாளி அல்ல. 'யார் உனக்குக் கூலி தருகிறார்கள்?' என்று தொடங்கிய எண், கூலி வாங்க அனுமதி இல்லாதவளுக்கு இன்றும் பொதுவாகக் கிடைப்பதில்லை.

ஐடின் 1996இல் வந்தது. அது வரிக்கு மட்டுமே. வேலை உரிமையோ குடியேற்றத் தகுதியோ ஓய்வூதியமோ தராது. ஆனால் தம்பதியாகச் சேர்ந்து தாக்கல் செய்யும் வரிக் கணக்கில் மனைவியும் கையெழுத்திடுகிறாள். கணக்கில் தவறிருந்தால் முழு வரிக்கும் இருவரும் பொறுப்பு. ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காதவளுக்கு இந்த எண் உரிமை எதையும் தரவில்லை, கடப்பாட்டை மட்டும் முழுதாகத் தந்திருக்கிறது. 'வரி விஷயம், அவரே பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிப் படிக்காமல் கையெழுத்திடும் பழக்கம் இங்கேதான் ஆபத்தாகிறது.

எண் இல்லாவிட்டால் எதுவுமே நடக்காது என்ற அச்சமும் வீட்டுக்குள் ஓர் அதிகாரமாகிறது. சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகமோ வேறு விதமாகச் சொல்கிறது: ஓட்டுநர் உரிமத்துக்கும், பள்ளியில் சேரவும், தனியார் மருத்துவக் காப்பீட்டுக்கும் அந்த எண் கட்டாயமில்லை. உரிமம் தரும் அலுவலகம் வற்புறுத்தினால் காட்டுவதற்கு, எண் பெறத் தகுதியில்லை என்ற கடிதத்தை அந்த நிர்வாகமே தரும். வங்கிக் கணக்குக்கு வெளிநாட்டவரிடம் பாஸ்போர்ட் எண்ணை ஏற்கச் சட்டம் வங்கிகளை அனுமதிக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் வங்கியின் விருப்பம்.

2015 மே மாதம் முதல் எச்-4 இணையர்களில் ஒரு பகுதியினர் வேலை அனுமதி அட்டை பெற்று, அதைக் கொண்டு சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் பெறலாம். அதற்குக் கணவனின் நிரந்தரக் குடியுரிமைப் பாதையில் குறிப்பிட்ட கட்டம் தாண்டியிருக்க வேண்டும். அந்தப் பாதையைப் பெரும்பாலும் தொடங்கிவைப்பது அவனுடைய நிறுவனம். அவள் வேலைக்குப் போவது, அவள் பார்த்தேயிராத ஒரு மேலாளரின் முடிவில் தொங்குகிறது. கிடைத்த எண் ஆயுளுக்கும் அவளுடையது. வேலை உரிமையோ அட்டையின் தேதியோடு முடிகிறது. விவாகரத்தானால் எச்-4 தகுதியே போய்விடும்.

நல்ல கணவன் வாய்த்தால் இதெல்லாம் சிக்கலே இல்லை என்பார்கள். கணவன் நல்லவனா என்பதைப் பொறுத்துக் கிடைப்பது உரிமை ஆகாது. வன்முறைக்கு ஆளான எச்-4 மனைவி, கணவனைச் சாராமல் வேலை அனுமதி கேட்க 2005ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்தது. அதற்கான படிவம் நடைமுறைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. அத்தனை ஆண்டுகளும் உரிமை சட்டத்தில் இருந்தது, விண்ணப்பிக்கத் தாள் இல்லை.

2020இன் கொரோனா நிவாரணத்திலும் இதே தர்க்கம்தான். ஆளுக்கு 1,200 டாலர் வரை தந்த அந்தச் சட்டம், சேர்ந்து தாக்கல் செய்த தம்பதியில் ஒருவரிடம் ஐடின் மட்டும் இருந்தால், படையில் பணிபுரிவோர் நீங்கலாக, மொத்தக் குடும்பத்தையும் விலக்கியது. எண் உள்ளவருக்காவது கிடைக்கும்படி அது திருத்தப்பட்டது டிசம்பரில். எண் இல்லாதவருக்கு அப்போதும் இல்லை.

வேலை உரிமையை வருபவரின் பெயரிலேயே எழுத வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதுவரை, எண் கேட்கும் எவரிடமும் அவள் திருப்பிக் கேட்கலாம்: இது வேலைக்கா, வரிக்கா, உங்கள் அலுவலக வழக்கத்துக்கா? பாஸ்போர்ட்டும் ஐ-94 வருகைப் பதிவும் அவள் பெயரிலேயே இருக்கின்றன. அவை அவள் கையிலேயே இருக்க வேண்டும். டபிள்யூ-7ஐ அவளே நிரப்ப வேண்டும், வரிக் கணக்கை வரி வரியாகப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.