கண்ணாடி இழையின் மூன்று பாணிகள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் மண்டைக்குள் உள்ள அழுத்தத்தை இன்றும் பாதரச மில்லிமீட்டரில்தான் சொல்கிறார்கள். பாதரசம் அங்கே துளியும் கிடையாது. அலகு, பாதரசக் காற்றழுத்தமானியைத் தந்த டொரிசெல்லி காலத்துச் சொத்து. அளப்பதோ பல சமயம் ஒரு கண்ணாடி இழை.

இழைக்குள் மின்சாரம் ஓடுவதில்லை. அதனால் எண்ணெய்க் கிணற்றில் தீப்பொறிப் பயம் இல்லை. மின்காந்த இரைச்சலும் அதை அண்டாது. ஒளியைக் கொண்டு அழுத்தத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன.

மூத்த பாணி எளியது. இழை முனைக்கு எதிரே மெல்லிய சவ்வு. அழுத்தம் கூடினால் சவ்வு நகரும், திரும்பி வரும் ஒளி மாறும். மண்டையழுத்தக் குழாய்களில் 1980களிலேயே இது புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் இழை வளைந்தாலும் ஒளி குறையுமே! அழுத்தமா, வளைவா என்று பிரித்தறியத் தனி ஏற்பாடு வேண்டும்.

அடுத்தது, பிரெஞ்சு இயற்பியலாளர்கள் ஃபாப்ரியும் பெரோவும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தந்த குறுக்கீட்டு முறையின் வழி வந்தது. இழை முனைக்கும் சவ்வுக்கும் நடுவே சில பத்து மைக்ரான் இடைவெளி. இங்கே பார்ப்பது வெளிச்சத்தின் கூடுதல் குறைவை அல்ல, அந்த இடைவெளியின் நீளத்தை.

மூன்றாவது பிராக் கீற்றணி. 1978இல் கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில் குழுவினர் இழைக்குள்ளேயே ஒளியால் கீற்றுகள் பதித்தார்கள். பேர் பெற்ற பாணிதான். அழுத்தத்தில் மட்டும் அதற்குப் பலம் போதாது. வெறும் கீற்றணி திருப்பியனுப்பும் ஒளியின் அலைநீளம் ஒரு மெகாபாஸ்கலுக்குச் சுமார் 3 பிக்கோமீட்டரே நகரும். ஒரு டிகிரி சூட்டுக்கோ சுமார் 10. அதாவது ஒரு டிகிரி ஏறினால் முப்பது வளிமண்டல அளவுக்குப் பொய் சொல்லும்! சவ்வோ நெம்புகோலோ பூட்டி, வெப்பத்துக்குத் துணைக் கீற்றணி ஒன்றும் வைத்தால்தான் நம்பலாம்.

தரம் என்று வந்தால் ஒளியிழை உணரிகளுக்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 61757 வரிசை உண்டு. என்றாலும் கடுமையான பரீட்சை இதய ரத்தக்குழாயில்தான். 0.36 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி நுனியில் இரண்டாம் பாணி உணரியைப் பொருத்தி, அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை மகாதமனி அழுத்தத்தால் வகுக்கிறார்கள். விடை 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் ஸ்டென்ட் பற்றிய பேச்சு எழும். மகாதமனியில் 100 இருக்க, உணரி மூன்றே பாதரச மில்லிமீட்டர் குறைத்துக் காட்டினால் 0.82 என்பது 0.79 ஆகிவிடும். ஆகவே அளந்து முடித்ததும் கம்பியை மகாதமனி வாய்வரை பின்னுக்கு இழுத்து, இரண்டு எண்களும் ஒன்றாக நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். பெரிதாக விலகியிருந்தால் மறுபடி முதலிலிருந்து.