சீவாளிக்குப் பின்னால் இரண்டு கண்கள்

பண்ருட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதையம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து இல்லாமல் முடியாது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்படி ஒரு ஊரில் 'துகிலுரிதல்' பார்த்தேன். நெய்வேலியில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்த அப்பா, சாப்பிட்ட கையோடு என்னை சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். துச்சாதனன் மேடையேறும்போது விடியக்காலை மூன்று மணி இருக்கும். திரௌபதையை இழுத்து வந்தவர், சேலையில் கை வைக்கவேண்டிய நேரத்தில் சட்டென்று நின்றார். முகவீணையும் நின்றது. சூடம் ஏற்றினார்கள். அதுவரை கர்ஜித்துக்கொண்டிருந்த குரல் உடைந்தது. வயிற்றுப் பிழைப்புக்குக் கட்டிய வேஷம், பொறுத்துக்கொள் தாயே என்று கைகூப்பினார். உடம்பு நடுங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அழுதார்கள். அடுத்த தாளத்தில் மறுபடியும் துச்சாதனன், முன்னைவிடப் பயங்கரமாக.

"நெஜமாவே அழுதாராப்பா?" என்று கேட்டேன்.

"அது வழக்கம்டா. வருஷா வருஷம் அந்த எடத்துல நிப்பாரு" என்றார் அப்பா, கொட்டாவி விட்டபடி.

எந்த இடத்தில் நிற்பது, எத்தனை தாளம் நிற்பது, எப்போது திரும்புவது எல்லாமே முன்கூட்டி முடிவானது. ஆனால் அந்த நடுக்கம் பொய்யில்லை. நடிப்பில் திறமையா பயிற்சியா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

நம் ஊரில் இந்தப் பேச்சு சிவாஜி கணேசனில்தான் போய் முடியும். 1928இல் விழுப்புரத்தில் பிறந்தவர். பண்ருட்டியிலிருந்து ரயில் ஏறினால் வரும் ஜங்ஷன் அது. அவரை 'பிறவி நடிகர்' என்று சொல்வது ஒரு பழக்கமாகிவிட்டது. பாராட்டுதான். ஆனால் அவருடைய உழைப்பை மொத்தமாக அழித்துவிடுகிற பாராட்டு. சின்ன வயதில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துவிட்டு நடிகனாக ஆசைப்பட்டவர், பையன்களை வைத்து நடத்தும் நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். முதல் வேஷம் சீதை. பிறகு பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித். கம்பெனி என்பது விடுதியும் பள்ளிக்கூடமும் பட்டறையும் சேர்ந்த ஒன்று. பாட்டு, நடை, உச்சரிப்பு எல்லாம் வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுப்பார். 1952இல் 'பராசக்தி' வந்தபோது 'முதல் படத்திலேயே இப்படியா!' என்று ஊரே வியந்தது. முதல் படம்தான், ஆனால் பதினைந்து வருஷத்துக்கு மேல் மேடையில் கழித்தவரின் முதல் படம். அந்த நீதிமன்றக் காட்சியில் வசனத்தை விட்டுவிட்டு மூச்சை மட்டும் கவனித்துப் பாருங்கள். எங்கே இழுக்கிறார், எங்கே மிச்சம் வைக்கிறார் என்பதெல்லாம் பிறவியில் வருவதில்லை.

அவர்மேல் சொல்லப்படும் மிகைநடிப்புக் குற்றச்சாட்டையும் இங்கிருந்துதான் பார்க்கவேண்டும். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி பெஞ்சுவரை குரலும் புருவமும் போய்ச்சேரவேண்டும். கேமரா ஒரு முழ தூரத்துக்கு வந்தபிறகும் உடம்புக்கு அந்தத் தூரம் மறக்கவில்லை. எல்லாவற்றையும் இப்படி நியாயப்படுத்திவிட முடியாது. எழுபதுகளில் வந்த பல படங்களில் சரக்கு ஏற்றாத லாரிபோல அவருடைய நுட்பம் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தம்தான் மிச்சம். அதை ஒத்துக்கொள்ளாத ரசிகர்களோடு எனக்கு ஒத்துவராது. என் அப்பாவும் அதில் ஒருவர்.

ஆனால் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) இருக்கிறதே! குத்துப்பட்டு மீண்டு வந்த சண்முகசுந்தரம் நாகஸ்வரம் வாசிக்கிறார். மோகனா ஆடியபடியே அவரிடம் நலம் விசாரிக்கிறாள். வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் சிவாஜியின் விரல்கள் துளைகளில் பிசகாமல் போகின்றன, கன்னம் சரியான இடத்தில் உப்புகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. எல்லோரும் அதைத்தான் வியப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. சீவாளி வாயை அடைத்துவிட்டது. கன்னம் காற்றுக்கு வேலை செய்கிறது. இரண்டு கையும் கருவியில். சிம்மக் குரல் கிடையாது, வசனம் கிடையாது, நடை கிடையாது. எதையெல்லாம் வைத்து அவர் நம்மை ஆட்டிப்படைப்பாரோ அத்தனையும் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. மிச்சம் இரண்டு கண்கள். அவள்மேல் உள்ள காதல், வலி, வித்வான் கர்வம், சபை பார்க்கிறதே என்ற கூச்சம் எல்லாம் அந்தக் கண்கள் வழியாகத்தான் வந்தாகவேண்டும், வருகின்றன. விரல் போகும் வழியை யோசித்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கு ஓய்வு கிடைத்திருக்காது. விரலை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்ற அளவுக்குப் பழகியதால்தான் அந்த ஆள் அங்கே சும்மா இருக்க முடிந்தது. நுட்பம் அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அந்தச் சும்மாவைத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தை நான் சொந்தமாக அனுபவித்திருக்கிறேன். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், கல்லூரி நாடகத்தில் அம்மாவை இழந்த மகனாக நடித்தேன். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் எங்கள் ஆயா இறந்திருந்தார். மேடையில் நிஜமாகவே அழுதேன். தொண்டை அடைத்து, மூக்கு ஒழுகி. பெரிய நடிகனாகிவிட்டேன் என்று இறங்கி வந்தால், நண்பன் சொன்னான்: "மச்சான், மூணாவது வரிசைக்கே கேக்கலடா. பாதி நேரம் முதுகைத்தான் காட்டிட்டு இருந்த." என் துக்கம் முழுக்க முழுக்க நிஜம். அது என்னைவிட்டு ஓர் அடிகூட நகரவில்லை.

நடிகன் உணரக்கூடாது, உணரவைக்க வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர் தீதரோ 18ஆம் நூற்றாண்டிலேயே வாதிட்டார். அவர் இறந்தபிறகு 1830இல்தான் அந்த நூல் அச்சானது. பின்னாளில் படித்தபோது, கல்லூரி மேடையில் நான் தோற்றதற்கு இதில் விளக்கம் கிடைத்தது. துச்சாதனனுக்குக் கிடைக்கவில்லை. குறித்த இடத்தில் நின்றவர்தான், குறித்த நேரத்தில் திரும்பியவர்தான், ஆனால் நடுங்கினாரே. அந்த வழக்கம் இல்லையென்றால் நடுக்கம் இறங்க ஓர் இடம் இருந்திருக்காது என்றுதான் இன்று எனக்குத் தோன்றுகிறது.

விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், முறையாகப் படித்தவரில்லை, ஆகவே எல்லாம் பிறவித் திறமை என்பார்கள். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய இடம் அது. தெருக்கூத்தைப் பார்த்து அசந்துபோனவர் தொடங்கியது. அங்கே தினமும் உட்கார்ந்து அடுத்தவர் உடம்பு பழகுவதைப் பார்ப்பது பயிற்சியில்லாமல் வேறென்ன? கூத்தில் பையன்கள் பின்பாட்டுக்காரர்களோடு உட்கார்ந்துதான் வேஷம் கற்கிறார்கள். பார்த்ததெல்லாம் எல்லோருக்கும் ஒட்டுவதில்லை என்பது உண்மை. திறமை என்று ஒன்று இருந்தால், அந்த ஒட்டுதலில் இருக்கலாம்.

போன திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். துச்சாதனன் புதுப் பையன். பகலில் முந்திரிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். பழையவர் பின்பாட்டு வரிசையில் தாளத்தோடு உட்கார்ந்திருந்தார். பையன் நின்றான். சூடம் ஏற்றினார்கள். அவன் மன்னிப்புக் கேட்கும்போது பெரியவர் உதடும் கூடவே அசைந்தது. கூட்டத்தில் பாதிப்பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். யாரும் அழவில்லை.

அப்பா இப்போது ரிட்டையர்டு. முழங்கால் வலியால் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். "எப்படிப்பா?" என்று கேட்டேன்.

"நின்ன எடம் சரியா இருந்துச்சி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ரெண்டு வருஷம் கட்டட்டும்."