புகையில்லாவிட்டால் தீங்கில்லையா?

விருதுநகரிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் தெற்கே சென்றால், கயத்தாறுப் பகுதியில் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்வதைக் காணலாம். நிலக்கரி இல்லை, சாம்பல் இல்லை. பட்டாசுப் புகையை நன்கறிந்த சிவகாசி வட்டாரத்தாருக்கு இது மாசற்ற தொழிலாகத் தோன்றுவது இயல்பே.

அரசு விதிகளும் அவ்வாறே கருதுகின்றன. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலைகள் இடம்பெறவில்லை. 2016-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றை மாசு மிகக் குறைந்த 'வெள்ளை' வகையில் சேர்த்தது. புகையையும் கழிவுநீரையும் மட்டும் அளந்தால் இது சரியே. ஆனால் வானில் பறக்கும் உயிர்களை யார் கணக்கெடுப்பது?

காற்றாலை இறக்கையைத் தொலைவிலிருந்து பார்த்தால் மெல்லச் சுழல்வதுபோல் தெரியும். உண்மையில் அதன் நுனி மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டும். தரையில் இரையைத் தேடிப் பறக்கும் பருந்து அதனைக் கவனிக்கத் தவறிவிடுகிறது. கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில் 1980-களில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவ்விடமோ பொன்னாங்கழுகுகள் தரை அணில்களை வேட்டையாடும் இடம். ஆண்டுதோறும் பல கழுகுகள் மடிந்தன. தவறு காற்றில் இல்லை, இடத்தேர்வில் இருந்தது.

பாதிப்பு பறவைகளோடு நிற்பதுமில்லை. மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்திலுள்ள சால்கேவாடி மேட்டுநிலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் ஆராய்ந்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். காற்றாலைகள் உள்ள இடத்தில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. அவற்றுக்கு இரையாகும் ஓணான்களோ பெருகியிருந்தன. மனிதர் நெருங்கினாலும் விரைந்து ஓடவில்லை. உடல் மெலிந்தும் இருந்தன. உணவுச் சங்கிலியின் மேற்கண்ணி தளர்ந்தால் கீழ்க்கண்ணியும் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே காற்றாலைகளே வேண்டாம் என்பதா? இல்லை. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. புவி வெப்பமடைவதும் உயிரினங்களுக்குப் பெருங்கேடே. தீங்கைக் குறைக்கும் வழிகளும் உள்ளன. வெளவால்கள் மெல்லிய காற்று வீசும் இரவுகளில்தான் மிகுதியாகப் பறக்கின்றன. அவ்வேளைகளில் காற்றாலைகளை நிறுத்திப் பார்த்த பென்சில்வேனியா ஆய்வில் வெளவால் சாவுகள் பாதியளவோ அதற்கு மேலோ குறைந்தன. இழந்த மின்சாரம் ஆண்டு உற்பத்தியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நார்வேயின் சிமோலா தீவில் ஓர் இறக்கைக்குக் கறுப்பு வண்ணம் பூசியதில் பறவைச் சாவுகள் சுமார் 70 விழுக்காடு குறைந்தன. அங்குச் சோதித்தவை நான்கு காற்றாலைகளே. நம் நாட்டிலும் சோதித்துப் பார்க்கலாமே!

குளிர்காலத்தில் வடக்கேயிருந்து பூனைப் பருந்துகள் வந்து தங்கும் நிலம் நம் தென்மாவட்டக் கரிசல். காற்றாலை நடுவதற்கு முன் காற்றின் வேகத்தைப் பல மாதங்கள் அளக்கிறார்கள். அதே மாதங்களில் அங்கு வரும் பறவைகளையும் எண்ணுவது பெருஞ்செலவன்று. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. எந்தச் சட்டமும் வற்புறுத்தாமல் ஒரு கிராமம் காட்டும் இந்தக் கவனத்தைச் சட்டமும் காட்ட வேண்டாமா?