ஆலங்காட்டின் இரு பேய்கள்: காரைக்கால் அம்மையாரும் பழையனூர் நீலியும்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணிக்கு அண்மையில் அமைந்த திருவாலங்காடு, நடராசரின் ஐந்து சபைகளுள் இரத்தின சபையாகப் போற்றப்படுவது. வடாரண்யேசுவரர் கோயிலுக்கு வருவோர், காளியோடு இறைவன் ஆடிய ஊர்த்துவ தாண்டவத்தையும் காரைக்கால் அம்மையார் வரலாற்றையும் கேட்டறிகின்றனர். அருகிலுள்ள பழையனூரின் நீலி கதையும் உடன் சொல்லப்படுகிறது. அம்மையார், நீலி ஆகிய இருவர் கதைகளையும் ஒருசேர வைத்து நோக்கினால், தலமரபு எவருடைய துயரை நினைவில் வைக்கிறது, எவருடைய துயரை விலக்குகிறது என்பது புலப்படும்.

இரு பேயுருக்கள்

பெரியபுராணத்தின்படி, மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய பரமதத்தன், வணிகத்தின்பொருட்டுக் கடல் கடந்து சென்று, பாண்டிநாட்டில் மறுமணம் புரிந்து வாழ்ந்தான். அவனைத் தேடிச்சென்ற புனிதவதியின் காலில் விழுந்தான். அவனுக்காகத் தாங்கிய உடலழகை உதறிய அம்மையார், பேயுருவை வேண்டிப் பெற்றார்; கயிலை மலையில் தலையால் நடந்தார். ஆலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் தம்மைப் பேய் என்றே குறித்துக்கொள்கிறார்.

நீலியோ, வழக்கிலுள்ள கதைப்படி, முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள். மறுபிறவியில் வணிகனாய்ப் பழையனூருக்கு வந்த அவனைப் பின்தொடர்ந்து, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி, அவன் மனைவியென்று வேளாளர் அவையில் முறையிட்டாள். அவனுயிர்க்குத் தம்முயிரைப் பிணையாக்கிய எழுபது வேளாளரும், அவன் கொல்லப்பட்டபின் தீப்பாய்ந்து வாக்கைக் காத்தனர்.

இரண்டு கதைகளிலும் கணவனால் மண வாழ்வை இழந்தவள் பேயாகிறாள். ஆயின் ஒருத்தி இறைவனால் ‘அம்மையே’ என அழைக்கப்படுகிறாள். மற்றவள் பெயர் ‘நீலிக்கண்ணீர்’ என்னும் வழக்கில் பொய்யழுகைக்கு உரியதாகிறது.

நினைவின் சார்பு

சம்பந்தர் ஆலங்காட்டுப் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைச் சுட்டுகிறார். சேக்கிழாரும் பழையனூர் வேளாளரின் வாய்மையைப் போற்றுகிறார். 1905இல் கண்டெடுக்கப்பட்ட, 31 ஏடுகள் கொண்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூர் இக்கோயிலுக்கு அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. தேவாரத்தில் இணைத்துப் பாடப்பெற்ற இரண்டு ஊர்களும் நிலத்தாலும் பிணைந்தன. ஊரவர் புகழ் தலத்தின் புகழாக நிலைபெற இப்பிணைப்பும் துணைநின்றிருக்கலாம். குற்றமற்ற எழுபதின்மர் மடிந்த துயரை எவரும் சிறுமைப்படுத்த இயலாது. எனினும் அவர்களை நினைக்கும் மரபு, அக்கதையின் முதற்கொலையை மறந்துவிடுகிறது. அவையில் நீலி உரைத்தது பொய். ஆனால் அவளை அவைக்குக் கொண்டுவந்த கொடுமை பொய்யன்று.

சமண மரபு இதே பெயருக்கு வேறொரு வாழ்வு தருகிறது. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில், முனிச்சந்திரரை அச்சுறுத்த வரும் பழையனூர் நீலி, அவரால் அறம் உணர்ந்து, பௌத்தர் முதலான பிற சமயத்தாரை வாதில் வெல்கிறாள். வஞ்சகத்திற்குப் பெயர்பெற்றவளே இங்கு வாய்மையை நிறுவுகிறாள். ஆயின் இவ்வுரிமை அவள் பேய்த்தன்மையைத் துறந்த பின்னரே கிட்டுகிறது. தனக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காக அவள் அங்கும் வாதிடவில்லை. சைவமும் சமணமும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன: முறையீட்டைக் கைவிட்டவள் வணங்கப்படுகிறாள், அதைத் தொடர்ந்தவள் பழிக்கப்படுகிறாள்.

முடிவுரை

தலப்பயணம் இடங்களைக் காண்பதோடு அமைவதன்று. அவ்விடங்களின் கதைகள் எவர் பக்கம் நின்று சொல்லப்படுகின்றன என்பதை வினவுதலும் அதன் பகுதியாகும். ஆலங்காட்டிற்கு மாணவரை அழைத்துச் செல்வோர் மூத்த திருப்பதிகங்களோடு நீலி கதையையும் நீலகேசியையும் உடன்வைத்துக் கற்பித்தல் தகும். அவ்வாறு கற்றவர்க்கு ‘நீலிக்கண்ணீர்’ என்னும் சொல் முன்போல் எளிதில் நாவில் எழாது.