கட்டங்கள் சேரும் இடம்

மவுண்ட் ரோட்டில் சினிமா பேனர்களைக் கையால் வரைந்த காலத்தில், ஒரு சட்டத்தில் அடங்காத முகத்தைக் கட்டம் போட்டுப் பிரித்துப் பல சட்டங்களில் தீட்டினார்கள். சாரத்தில் ஏற்றும்போது கண்ணின் நடுவே இணைப்பு விலகினால் தெருவே பார்க்கும். அதே ஊரில், ரிச்சி தெருவில் வாங்கிய செப்புப் பலகையை அடையாற்று மாடியறையில் வைத்து, புரொஜெக்டரால் சர்க்யூட்டைத் துண்டுதுண்டாகப் பதிக்கும் மாணவருக்கும் சிக்கல் இணைப்புக் கோட்டில்தான்.

ஊதா ஒளி பட்டால் இறுகும் டிரை ஃபிலிமைப் பலகையில் ஒட்டி, புரொஜெக்டரின் படத்தையே நெகட்டிவாகக் கொள்வது இந்த முறை. தனியாக ஃபிலிம் அச்சடிக்க வேண்டாம். இஸ்திரிப் பெட்டியால் டோனரைத் தேய்க்கும் வேலையும் இல்லை. வடிவமைப்பில் ஒரு டிராக்கை, அதாவது செம்புக் கோட்டை, நகர்த்தினால் அடுத்த நிமிடமே புதிய படம் விழும். கற்பவருக்கு இது பெரிய வரம்.

துண்டாக்குவது நுட்பத்துக்காக. 1920 புள்ளிகளை 96 மி.மீ. அகலத்துக்கு விரித்தால் ஒரு புள்ளி 50 மைக்ரான், 0.2 மி.மீ. டிராக்குக்கு 4 புள்ளிதான் கிடைக்கும். படத்தை 38.4 மி.மீ.க்குச் சுருக்கினால் அதே டிராக் 10 புள்ளி பெறும், ஓரம் நேராகும். ஆனால் 150க்கு 100 மி.மீ. பலகைக்கு 20 துண்டுகள் தேவை. துண்டுக்கு 2 நிமிடம் என்று வைத்தாலும் 40 நிமிடம், அதுவரை பலகையைத் துண்டுக்குத் துண்டு நகர்த்தும் மேசை தானாக அசையக் கூடாது.

பிழைகளின் கணக்கு இரக்கமற்றது. மேசை நகரும் திசையிலிருந்து படம் 0.1 டிகிரி திரும்பியிருந்தால், பக்கவாட்டில் சேரும் ஒவ்வொரு இணைப்பிலும் 67 மைக்ரான் படிக்கட்டு விழும். அளவு அரை சதவீதம் குறைந்தால் 0.19 மி.மீ. இடைவெளி. அங்கே ஃபிலிம் இறுகாமல் கழுவப்பட்டு, ஃபெரிக் குளோரைடு செம்பைத் தின்றுவிடும். டிராக் அறுந்தது.

இங்கே பலர் செய்யும் தவறு, படத்தின் கோணலைச் சரிசெய்யும் புரொஜெக்டரின் கீஸ்டோன் திருத்தத்தை நம்புவது. சுவரில் சினிமா பார்க்க அது போதும். அது புள்ளிகளைக் கலந்து புதிதாகக் கணக்கிடுவதால் மெல்லிய கோட்டின் ஓரம் சிதையும். அதை அணைத்துவிட்டு, கருவியையே கையால் நேராக்க வேண்டும். நான்கு மூலைகளிலும் குறி போட்டு எதிரெதிர்ப் பக்கங்களையும் இரு மூலைவிட்டங்களையும் அளந்தால் கோணல் உடனே பிடிபடும். மயிலாப்பூர் அச்சகங்களில் இரண்டு நிறப் பத்திரிகை அடிப்பவர்கள் மூலைக் குறிகளை லென்ஸ் வைத்துப் பார்த்து ரெஜிஸ்டர் சேர்க்கும் பொறுமை இதற்கு வேண்டும். ஃபிலிமை உறுத்தாத சிவப்பு ஒளியில் குறிகளைப் பொருத்தலாம். ஆனால் சிவப்புக்குக் கூர்மையான ஃபோகஸ் நீலத்துக்கும் ஊதாவுக்கும் சற்று விலகும். அதைத் தனியே சோதிக்காமல் விடக் கூடாது. கருவி சூடேறி நிலைக்கும் வரை காத்திருப்பதும் வேலையின் பகுதி.

இடைவெளிக்கு அஞ்சித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால், அந்தப் பட்டை இரட்டிப்பு ஒளி வாங்கி டிராக் தடிக்கும். சுவரில் பல புரொஜெக்டர்களின் படங்களைச் சேர்க்கும்போது ஓரத்தை மங்கலாக்கி இணைப்பை மறைப்பார்கள். ஃபிலிமோ ஒரு அளவு ஒளிக்கு மேல் இறுகும், கீழே இறுகாது. நடுநிலை அதற்கு அரிது. அந்தத் தந்திரம் பாதிதான் பலிக்கும்.

குறை அடிப்படைக் கருத்தில் இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லுதான் பல வீட்டு புரொஜெக்டர்களில் இருக்கிறது. அதே வகைச் சில்லை வைத்துப் பெரிய ஆலைகளும் பலகைகளில் நேரடியாகப் பதிக்கின்றன. அங்கே கேமரா குறிகளைப் படிக்கிறது, மேசையின் நகர்வு மைக்ரான் கணக்கில் அளக்கப்படுகிறது. வீட்டு மேசைக்கு அவை இல்லை என்பதை வடிவமைப்பே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இணைப்புக் கோட்டை முதலில் வரைந்துகொண்டு, டிராக்குகள் அதைச் செங்குத்தாகக் கடக்கட்டும். கடக்கும் இடத்தில் 0.5 மி.மீ.க்குத் தடிக்கட்டும், 67 மைக்ரான் விலகல் அதை ஒன்றும் செய்யாது. கோட்டை ஒட்டி ஓடும் டிராக்குக்கோ, சிப்பின் நெருக்கமான கால்களுக்கோ அங்கே இடம் தரக் கூடாது. இரண்டு பக்கப் பலகையை இப்படித் துண்டு சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியே கொடுத்துச் செய்வதே மேல்.

பலகை கழுவிக் காய்ந்ததும் கண்ணுக்கு எல்லாம் அழகாகவே தெரியும். மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து, இணைப்புக் கோட்டின் இரு புறமும் ஒவ்வொரு டிராக்காகத் தொட்டுப் பார்க்க வேண்டும், உதிரிகளைப் பற்றவைப்பதற்கு முன்பே.