‘ஆண்டவர் பாத்துக்குவார்’: டால்ஸ்டாயின் ஒரு சிறுகதையை முன்வைத்து

அப்பாவின் நண்பர் ஒருவர் லோரி வாங்கக் கடன் எடுத்தார். அப்பா ஜாமின் கையெழுத்துப் போட்டார. மூன்றே மாதத்தில் நண்பர் காணாமல் போய்விட, ஏழு வருடம் அந்தக் கடனை அப்பாதான் கட்டினார். அம்மா அந்த மனிதரை ஒருநாளும் திட்டியதில்லை. “ஆண்டவர் பாத்துக்குவார்” என்பார், அவ்வளவுதான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விளங்காமல் போய்விட்டதாகக் கோயிலில் யாரோ சொன்னார்கள். வீட்டுக்கு வந்த அம்மா காலணியைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்து “பாத்தியா?” என்றார். அந்தக் குரலில் இருந்த திருப்தி என்னைப் பயமுறுத்தியது.

டால்ஸ்டாய் 1872இல் வெளியிட்ட ‘கடவுள் உண்மையை அறிவார், ஆனால் காத்திருப்பார்’ என்ற சிறுகதையை அண்மையில் மீண்டும் வாசித்தபோது அந்தப் “பாத்தியா?” கூடவே கேட்டுக்கொண்டிருந்தது.

கதை எளிமையானது. விளாதிமிர் நகரத்து வணிகன் அக்சியோனோவ் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு விடுதியில் தங்குகிறான். பக்கத்து அறை வணிகன் கொல்லப்படுகிறான். இரத்தம் படிந்த கத்தி அக்சியோனோவின் பையில் கிடைக்கிறது. சிறைக்குப் பார்க்க வந்த மனைவியே, உண்மையைச் சொல், நீதான் செய்தாயா என்று கேட்டுவிடுகிறாள். இனி மனிதர்களிடம் முறையிட்டுப் பயனில்லை என்று அவன் முடிவெடுப்பது அந்த இடத்தில்தான். கசையடி, சைபீரியா, 26 வருடங்கள். தலை நரைத்து, சக கைதிகள் ‘தாத்தா’ என்று அழைக்கும் வயதில், மகார் என்ற புதிய கைதி வந்து சேர்கிறான். அவன் வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தையில், கொன்றவன் இவன்தான் என்று அக்சியோனோவுக்குப் புரிந்துவிடுகிறது.

இந்த இடத்துக்காகத்தான் எனக்கு இந்தக் கதையைப் பிடிக்கும். அவன் உடனே மன்னிப்பதில்லை. இரண்டு வாரம் தூக்கம் இல்லை. இரவெல்லாம் ஜெபித்தும் மனம் ஆறவில்லை. ஊரே பக்தன் என்று நம்பும் ஒருவனுக்குள் பழிவெறி கொதிக்கிறது. அப்போது வாய்ப்பு தானாகக் கையில் வந்து விழுகிறது. மகார் தப்பிக்கச் சுரங்கம் தோண்டுவதைப் பார்த்துவிடுகிறான். அதிகாரி வந்து விசாரிக்கிறார். ஒரு வார்த்தை போதும், மகாரை அடித்தே கொன்றுவிடுவார்கள். ‘ஒருவேளை என் சந்தேகம் தப்பாக இருந்தால்? சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?’ என்றுதான் அவன் யோசிக்கிறான். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. களைத்துப்போன ஒரு கிழவனின் தயக்கம். சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொல்கிறான்.

பழிவாங்கும் வேலையை ஆண்டவரிடம் விட்டுவிடச் சொல்லும் பவுல் (ரோமர் 12), அதோடு நிறுத்துவதில்லை. பகைவன் பசித்திருந்தால் சோறு போடு, அப்படிச் செய்தால் அவன் தலைமேல் தழலைக் குவிப்பாய் என்று நீதிமொழிகளிலிருந்து எடுத்துச் சொல்கிறார். கல்லூரி நாள்களில் இதைக் கிண்டலடித்திருக்கிறேன். சோறு போட்டே பழிவாங்குவது! அந்தத் தழல் குற்ற உணர்வுதான் என்று விளக்குபவர்கள் உண்டு. எனக்கு அது விளங்கியது மகார் இரவில் வந்து மண்டியிடும் காட்சியில். கசையடியைவிட உன்னைப் பார்ப்பது வலிக்கிறது என்கிற பொருளில் அழுகிறான். ஆனால் அக்சியோனோவ் இதைத் திட்டமிடவில்லை. உன்னால்தானே இத்தனை வருடம் துன்பப்பட்டேன் என்று முதலில் கசப்போடுதான் பேசுகிறான். பிறகு அவனும் சேர்ந்து அழுகிறான், ஒருவேளை நான் உன்னைவிட மோசமானவனாக இருக்கலாம் என்கிறான். அம்மாவின் “பாத்தியா?” இங்கே நுழைய முடியாது. அம்மா ஆண்டவரிடம் பழியை விட்டுவிடவில்லை, குத்தகைக்குக் கொடுத்திருந்தார்.

‘அன்னா கரீனினா’வின் முகப்பிலும் டால்ஸ்டாய் பவுலின் இதே வசனத்தை வைத்தார். சோரம் போனவளைக் கடவுள் தண்டித்தார் என்று அதை வாசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அது சோம்பேறி வாசிப்பாகத்தான் படுகிறது. விரோன்ஸ்கியைத் தண்டிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அன்னா ரயிலடிக்குப் போகிறாள். அங்கே பழியைக் கையில் எடுப்பது அவள்தான், கடவுள் அல்ல.

பிற்காலத்தில் ‘கலை என்றால் என்ன?’ நூலில் டால்ஸ்டாய் தன் படைப்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, நல்ல கலை என்று ஏற்றுக்கொண்ட இரண்டே கதைகளில் இதுவும் ஒன்று. ‘அன்னா கரீனினா’வைத் தள்ளிவிட்டு இதை வைத்துக்கொண்டது அநியாயம்தான். இருந்தாலும் ஏன் என்று புரிகிறது. மகார் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுதலை உத்தரவு வரும்போது அக்சியோனோவ் இறந்துவிட்டிருக்கிறான். இந்த முடிவை மலிவான சோகம் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குத் திரும்பும் ஆசையே அதற்குமுன் அவனை விட்டுப் போய்விட்டது.

போன வாரம் இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே முழுதும் கேட்டார். மகார் அழுததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“அவன் பொண்டாட்டிகிட்ட யாராச்சும் உண்மைய சொன்னாங்களா?” என்று கேட்டார்.

புத்தகத்தைத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். மனைவி செத்துப்போனாள் என்று அக்சியோனோவ் போகிறபோக்கில் சொல்வதோடு சரி.

“இல்லம்மா” என்றேன்.